ஓடிப்போன மான்களின் கணக்கு

பெருநாள் விடுமுறையில் குடும்பத்தார் ஒன்றுகூடினால் பழைய கதைகளுக்குப் பஞ்சமிருக்காது. கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள நம் ஊரில், அந்தக் கதைகளில் தவறாமல் ஒரு துப்பாக்கி வரும். துப்பாக்கி வந்தால் பின்னாலேயே மானும் வரும். 1950களிலும் 60களிலும் வாலிபர்களாக இருந்த நன்னாமார்கள், சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மலையடிவாரத்துக்குப் போனதையும், விடிவதற்குள் மான் கறியோடு திரும்பியதையும் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாமும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளில் அந்தப் பேச்சு வேறு திசையில் போனது. உறவுக்காரத் தம்பி ஒருவர், "மலையடிவாரத்தில் ஒருத்தர் மான் கறி இருக்குன்னு சொல்லுறார், வாங்கலாமா?" என்று கேட்டார். உடனே பெரியவர் ஒருவர், "ஏன் வாங்கக் கூடாது? அந்தக் காலத்துல நாங்க சாப்பிடாததா?" என்றார். இன்னொரு பையனோ, "நன்னா சுட்ட மாதிரி நாங்களும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்துக் கதையை நாம் பிள்ளைகளுக்குப் பாதியாகத்தான் சொல்லி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மீதிப் பாதியைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

அந்தக் காலத்துத் துப்பாக்கிகள்

அன்று ஊரில் லைசென்ஸ் வைத்திருந்தவர்களிடம் பெரும்பாலும் இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று, 'டுவெல்வ் போர்' எனப்படும் தோட்டாத் துப்பாக்கி. ஒற்றைக் குழலாகவோ இரட்டைக் குழலாகவோ இருக்கும். ஒரு தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும். சுட்டால் சிதறிப் பாயும். மற்றொன்று 'பாயின்ட் டூ டூ' ரைபிள். இதன் குழாயின் உட்குறுக்களவு 0.22 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ., செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ போன்ற தயாரிப்புகள் இந்தியாவில் பேர் பெற்றவை.

மான் வேட்டைக்குரிய பெரிய ரைபிள்கள் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதவை. .303 ரகம் இராணுவத்துக்குரியது. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. அதனால்தான் நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென .315 ரகத்தைத் தயாரித்தன. அதுவும் விலை கூடியது. தோட்டாவின் விலையும் கூடுதல். பாயின்ட் டூ டூ தோட்டாவோ ஐம்பது கொண்ட சிறு பெட்டியாக வரும். சட்டைப் பையில் அடங்கிவிடும். துப்பாக்கியின் எடை குறைவு. தோளில் உதைக்காது. சத்தம் சிறிது, ஒரு மானைச் சுட்டால் பக்கத்துப் பள்ளத்தில் மேயும் மான்கூட மிரளாது என்பார்கள். இதனால்தான் வேட்டைக்குப் போனவர்களுக்கு அது பிடித்துப்போனது.

சின்னக் குண்டும் பெரிய மானும்

இந்த ரைபிளின் வழக்கமான குண்டு 40 கிரெயின் எடையுள்ள ஈயத் துண்டு. நம் கணக்கில் சொன்னால் 2.6 கிராம். இன்று நம் கையில் புழங்கும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடவும் எடை குறைவு. குழாயை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 190 ஜூல். நூறு கஜம் போவதற்குள் அதில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். முயலுக்கும் புறாவுக்கும் இது தாராளம். ஆனால் வளர்ந்த ஆண் புள்ளிமான் 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். நம் பக்கத்தில் மிளா என்றும் கடமான் என்றும் சொல்லப்படும் மானில், கிடா 200 கிலோவையும் தாண்டும்.

இவ்வளவு பெரிய உயிரை அவ்வளவு சிறிய குண்டால் உடனே வீழ்த்த வேண்டுமானால் மூளையிலோ கழுத்தெலும்பிலோ பட வேண்டும். காட்டின் அரை வெளிச்சத்தில், தலையை ஆட்டி ஆட்டி மேயும் மானில் அந்தச் சிறு இடத்தைக் குறி தவறாமல் அடிப்பது கைதேர்ந்தவருக்கே கடினம். நெஞ்சில் பட்டால் மான் விழாது, ஓடும். குண்டு சிறிதாக இருப்பதால் துளையும் சிறிது, தோல் மூடிக்கொள்ளும், வெளியே சொட்டும் இரத்தம் குறைவு. ஆகவே தடம் பிடித்துப் போகவும் வழியிருக்காது. வயிற்றில் பட்டுவிட்டால் மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரைக்கும் வேதனைப்பட்டுத்தான் உயிர் போகும்.

இது வேட்டையை எதிர்ப்பவர்கள் மட்டும் சொல்லும் குறையன்று. வேட்டை இன்றளவும் சட்டப்படி நடக்கும் இங்கிலாந்திலேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். அங்கும் முற்காலத்தில் மான்களைப் பயிர் அழிக்கும் தொல்லையாக எண்ணி, கைக்குக் கிடைத்த சிறு துப்பாக்கிகளால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காயத்தோடு ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும் மான்கள் பெருகின. 1963ஆம் ஆண்டின் மான்கள் சட்டம், .240 அங்குலத்துக்குக் குறைந்த குழாயும் 1,700 அடி-பவுண்டுக்குக் குறைந்த ஆற்றலும் கொண்ட ரைபிளால் மானைச் சுடக் கூடாது என்று விதித்தது. 1,700 அடி-பவுண்டு என்பது சுமார் 2,300 ஜூல். பாயின்ட் டூ டூ ரைபிளின் ஆற்றலைப் போல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு! அங்குள்ள ரோ மான் நம் புள்ளிமானில் பாதி எடைகூட இராது. அதற்கே அவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மானைக் காப்பாற்றுவதற்கு மட்டுமன்றி, சாகும் மான் வதைபடாமல் சாகட்டும் என்பதற்காகவும் வந்த விதி அது.

நம் பெரியவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். கையில் இருந்ததைக் கொண்டு போனார்கள். ஆனால் கதை சொல்லும்போது விழுந்த மானை மட்டுமே சொன்னார்கள். ஓடிப்போன மான்களின் கணக்கை யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

சின்ன நன்னா கேட்ட கேள்வி

ஒரே ஒரு முறை கேட்டோம். நாம் மதரஸாவில் பட்டம் பெற்று வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் தாயாரின் சிறிய தந்தையாரை நாங்கள் சின்ன நன்னா என்போம். அவர்களுக்கு அப்போது எழுபது வயது கடந்திருந்தது. வாலிபத்தில் பாயின்ட் டூ டூ ரைபிளோடு மலையேறியவர்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு கதை அவர்களுடையது. மாலை மங்கும் நேரத்தில் ஓடைக்கரையில் ஒரு பெரிய கொம்பு மானைச் சுட்டதும், அது ஓடியதும், பின்னாலேயே கத்தியோடு ஓடி உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுத்ததும், ஏழு வீடுகளுக்குக் கறி பங்கு வைத்ததும் அந்தக் கதையில் வரும்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் திண்ணையில் தனியாக இருந்தபோது, "நன்னா, சுட்டும் கிடைக்காமப் போன மான் எத்தனை இருக்கும்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டோம். நன்னா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நீ இப்ப ஹஜ்ரத்து. உங்கிட்ட ஒண்ணு கேட்கணும்" என்றார்கள்.

அந்தக் கொம்பு மானை அவர்கள் அன்றைக்குப் பிடிக்கவே இல்லை. இருட்டிவிட்டது, இரத்தத் துளிகள் நாலைந்து எட்டோடு நின்றுபோயின. மறுநாள் விடிந்து போய்த் தேடியபோது மான் ஓடைத் தண்ணீரில் செத்துக் கிடந்தது. உடம்பு விறைத்திருந்தது. கூட வந்தவர் வேண்டாம் என்றிருக்கிறார். வெறுங்கையோடு போனால் ஊர் சிரிக்கும் என்று நன்னா அந்தச் செத்த மானின் கழுத்தில் கத்தியை வைத்து அறுத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்து, உயிரோடு பிடித்து அறுத்ததாகச் சொல்லிவிட்டார்கள். ஏழு வீட்டாரும் அந்தச் சொல்லை நம்பிச் சாப்பிட்டார்கள்.

"அது ஹலாலா ஹராமா? நாப்பது வருசமா நெஞ்சுல கெடக்குது" என்றார்கள் நன்னா.

கிதாபுகள் சொல்வது

வேட்டை நம் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது. அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனம் பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. அதே அத்தியாயம் இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டையைத் தடுக்கிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணியைக் கொண்டுவந்து அல்லாஹ் சோதிப்பான் என்றும் எச்சரிக்கிறது. கைக்கு எட்டுகிறது என்பதாலேயே எடுத்துக்கொள்ள உரிமை வந்துவிடாது என்பதே அதில் உள்ள பாடம்.

மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா போன்ற ஃபிக்ஹு நூல்களில் வேட்டைக்கென்றே தனிப்பாடம் உண்டு. அதில் பெரும்பகுதி, அதிய்யு பின் ஹாதிம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுத் தெளிந்த கேள்விகளின் மீது எழுந்தது. அவர் வேட்டையில் பழகியவர். முனை இல்லாத பக்கத்தால் ஆயுதம் மோதிச் செத்த பிராணியை உண்ணக் கூடாது, முனை கிழித்துச் செத்ததையே உண்ணலாம் என்று அவருக்கு விளக்கப்பட்டது. அடிபட்டுச் சாவதும் கிழிபட்டு இரத்தம் ஓடிச் சாவதும் ஒன்றல்ல என்பது இதன் கருத்து. அம்பு பட்ட பிராணி மறைந்து, ஓரிரு நாள் கழித்து அந்த அம்பின் காயம் மட்டுமே உள்ள நிலையில் கிடைத்தால் உண்ணலாம். ஆனால் அது தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக் கூடாது. கொன்றது அம்பா தண்ணீரா என்பது தெரியாதல்லவா?

துப்பாக்கி வந்த பிறகு உலமாக்கள் இந்த அடிப்படையில்தான் ஆராய்ந்தார்கள். ஈயக் குண்டு கூர்மையால் கிழிப்பதில்லை, வேகத்தாலும் சூட்டாலும் நொறுக்குகிறது என்பது ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் முடிவு. ஆகவே குண்டடிபட்டுச் செத்தது ஆகாது. உயிரோடு பிடித்து அறுத்தால்தான் ஆகும். கனத்தால் கொல்லப்பட்டது ஆகாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் விதியும். மாலிகி அறிஞர் தர்தீர் (ரஹ்) அவர்களும் யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானி (ரஹ்) அவர்களும் குண்டு துளைத்து இரத்தத்தை ஓட்டுகிறது என்று கூறி அனுமதித்தார்கள். தமிழகத்தில் நாம் பின்பற்றுவது பெரும்பாலும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளைத்தாம். அதனால்தான் அந்தக் காலத்தில் துப்பாக்கிக்காரரோடு கத்திக்காரரும் ஓடினார். வேட்டைக் கதைகளில் வரும் அந்த ஓட்டத்துக்குக் காரணம் ஃபிக்ஹுதான்!

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஹலாலாக வேண்டுமானால் மான் உயிரோடு கைக்குக் கிடைக்க வேண்டும். சின்னக் குண்டு பட்ட மானோ உயிரோடு ஓடிவிடும், கைக்குக் கிடைக்காது. கிடைக்கும்போது பெரும்பாலும் செத்திருக்கும். ஆக, ஓடிப்போன ஒவ்வொரு மானும் யாருடைய வயிற்றுக்கும் போகாமல் வீணாக வதைபட்டு மாண்ட உயிர்.

எல்லாவற்றிலும் அழகிய முறையைக் கையாளுவதை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுப்பதாக இருந்தால் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். கத்தியின் கூர்மைக்கே இவ்வளவு சொன்ன மார்க்கம், போதாத குண்டால் ஒரு மானை மறுநாள் வரை துடிக்க விடுவதை எப்படிப் பார்க்கும்? ஒரு சிட்டுக்குருவியை உரிமையின்றிக் கொன்றாலும் அல்லாஹ் விசாரிப்பான், அறுத்து உண்பதே அதற்குரிய உரிமை என்ற கருத்தும் நஸாயீ நூலில் வந்துள்ளது. உயிருள்ளதைக் குறி பார்க்கும் பலகையாக ஆக்கியவர் மீது சாபம் வந்திருப்பதை, ஏர்கன் வாங்கிக் கேட்கும் பிள்ளைகளின் பெற்றோரும் நினைவில் கொள்ள வேண்டும்.

சின்ன நன்னாவுக்கு நாம் சொன்ன பதில் சுருக்கமானது. தண்ணீரில் செத்துக் கிடந்ததை அறுத்தால் அது அறுப்பாகாது. அது ஹலால் இல்லை. நம்பிச் சாப்பிட்டவர்கள் மீது குற்றமில்லை. உங்கள் மீது இருப்பது அந்தச் சொல்லின் பாரம். தவ்பாச் செய்யுங்கள், அல்லாஹ் மன்னிப்பவன்.

நன்னா அதோடு நிறுத்தவில்லை. அடுத்த பெருநாளில் குடும்பம் கூடியபோது பேரன் ஒருவன் வழக்கம்போல் அந்தக் கொம்பு மான் கதையைக் கேட்டான். நன்னா முழுக் கதையையும் சொன்னார்கள். ஓடையையும், விறைத்த உடம்பையும், பொய்யையும் சொன்னார்கள். ஏழு வீட்டில் உயிரோடு இருந்த இருவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். நாம் கேட்ட வேட்டைக் கதைகளில் முடிவு வரை சொல்லப்பட்டது அது ஒன்றுதான். நன்னா இன்று நம்மோடு இல்லை. அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்கி வைப்பானாக!

காடு காலியான விதம்

தனித்தனி மனிதர்களின் கதைகளைச் சேர்த்தால் நாட்டின் கதை கிடைக்கும். வேட்டைக்குக் கட்டுப்பாடு என்பது ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. நீலகிரியில் 1879ஆம் ஆண்டிலேயே வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது. இனப்பெருக்கக் காலத்தில் வேட்டையை நிறுத்தி வைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜீப் வண்டிகள் பெருகின. சக்திவாய்ந்த விளக்குகள் வந்தன. ஒளி கண்ணில் பட்டால் மான் திகைத்து நின்றுவிடும். கண்கள் இரண்டு நெருப்புத் துண்டுகளாக மின்னும். சுடுகிறவருக்கு அதைவிட எளிது வேறில்லை. 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்தின் மன்னர், இரவில் வண்டி விளக்கின் ஒளியில் மூன்று சிவிங்கிப் புலிகளைச் சுட்டார். இந்தியக் காடுகளில் அந்த இனத்தைப் பற்றிய உறுதியான கடைசிப் பதிவுகளில் ஒன்று அதுவே. 1952இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

மான்களின் நிலையும் அதுதான். மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாக் காட்டில் பாராசிங்கா எனப்படும் மான் 1970இல் வெறும் 66 என்ற எண்ணிக்கைக்குச் சுருங்கியது. வேட்டையோடு, காடுகள் வயல்களானதும் மாட்டு மந்தைகள் பெருகியதும் காரணங்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் அது எல்லா வேட்டையையும் மூடிவிடவில்லை. புள்ளிமான், மிளா போன்றவற்றை உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. ஆனால் வண்டியில் இருந்து சுடுவது, விளக்கு அடித்துச் சுடுவது, இரவில் சுடுவது, தண்ணீர்த் துறையில் மறைந்திருந்து சுடுவது ஆகியவற்றை உரிமக்காரருக்கும் கட்டுப்படுத்தியது. நம் கதைகளில் வீரமாக வருபவை எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உரிம வேட்டையும் முடிவுக்கு வந்தது. நம் ஊருக்கு மேலே உள்ள மேகமலைக் காடு, 2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமானது. மானில்லாத காட்டில் புலி வாழ முடியாது. நன்னாமார் நடந்த அதே காடு இன்று மான்களுக்காகவும் காவல் காக்கப்படுகிறது.

ஒரு குருவியின் பாடம்

வேட்டையில் தொடங்கி வேறு இடத்தில் முடிந்த ஒரு முஸ்லிம் சிறுவனின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பம்பாயில் 1896இல் பிறந்த சாலிம் அலி, சிறு வயதில் ஏர்கன்னால் குருவி சுடுவதில் ஆர்வம் கொண்டவர். ஒரு நாள் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவி போல் இல்லை. இதை முஸ்லிம்கள் உண்ணலாமா என்ற ஐயத்தோடு, தன்னை வளர்த்த மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டு போனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்பவரிடம் அனுப்பி வைத்தார். மில்லார்டு பறவையை அடையாளம் சொன்னதோடு, பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளையும் காட்டினார்.

ஹலாலா என்று கேட்டுப் போன சிறுவர், இந்தியப் பறவைகளை நாட்டுக்கே அறிமுகப்படுத்திய அறிஞரானார். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தம் தன்வரலாற்றுக்குச் சூட்டிய தலைப்பிலும் அந்தக் குருவியை மறக்கவில்லை. சுட்ட உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவருடைய மாமா அதட்டி அடக்கிவிடவில்லை என்பதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

இன்று நம் வீட்டில்

இனி, பெருநாளில் எழுந்த கேள்விக்கு வருவோம். மான் கறி வாங்கலாமா?

சட்டப்படி பதில் தெளிவானது. மானைச் சுடுவது மட்டும் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பதும், விரட்டுவதும், அதற்கு முயல்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். கறியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. சாதாரணக் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டுள்ளது. பயன்படுத்திய ஆயுதமும் வண்டியும் அரசுக்குச் சேரும். ஒரு கிலோ கறிக்காக ஒரு பிள்ளையின் படிப்பும், பாஸ்போர்ட்டும், வெளிநாட்டு வேலையும் போகும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மார்க்கப்படியும் பதில் தெளிவானது. ஒன்று, சட்டத்தை மீறி வேட்டையாடப்பட்ட வனவிலங்கும் அதன் கறியும் மாநில அரசின் உடைமை என்கிறது அதே சட்டம். ஆகவே விற்பவர் தம்முடையது அல்லாததை விற்கிறார். இரண்டு, அந்த மான் எப்படிச் செத்தது என்பது நமக்குத் தெரியாது. நாட்டுத் துப்பாக்கியிலா, சுருக்குக் கம்பியிலா, மின்வேலியிலா? பிஸ்மி சொல்லி அறுக்கப்பட்டதா? குடும்பத்தில் மதிப்புக்குரிய ஒருவரின் சொல்லை நம்பிய ஏழு வீட்டுக்கே அப்படி நேர்ந்தது என்றால், முகம் தெரியாத வியாபாரியின் சொல்லை எப்படி நம்புவது? மூன்று, பொது நன்மைக்காக ஆட்சியாளர் விதித்த தடைக்குக் கட்டுப்படுவது கடமை. அது மார்க்கத்தின் கடமைக்கு மாறாக இல்லாதவரை அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஹலாலான ஆடும் மாடும் கோழியும் கடையில் கிடைக்கும்போது மான் கறி என்பது பசிக்கு அன்று, பெருமைக்குத்தான்.

'அந்தக் காலத்தில் சாப்பிட்டோம்' என்பதும் ஆதாரமாகாது. அந்தக் காலத்தில் அது உரிமத்தோடு அனுமதிக்கப்பட்டிருந்தது, இன்று இல்லை. முன்னோரின் மீதான மதிப்பு அவர்களின் ஒவ்வொரு செயலையும் திரும்பச் செய்வதில் இல்லை.

சில வீடுகளின் சுவரில் பழைய மான் கொம்பு இன்னும் தொங்குகிறது. அதை விற்கவோ பிறருக்குக் கைமாற்றவோ முயல வேண்டாம். அதற்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஐயம் இருந்தால் வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையோடு வனத்துறை அலுவலகத்தை அணுகித் தெளிவு பெறுங்கள். இப்படிப்பட்ட பொருள்களைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கவும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது. தோட்டத்தில் மான் இறங்கிப் பயிரை அழித்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்களாகக் கம்பி கட்டவோ மின்சாரம் பாய்ச்சவோ வேண்டாம். அதில் மனிதர்களும் மாண்டிருக்கிறார்கள்.

கதைகளை நிறுத்த வேண்டியதில்லை. பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். அந்த மலைப் பாதைகளும், இலைச் சருகின் மேல் சத்தமின்றி நடக்கும் கலையும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்கும் பழக்கமும் அறிவுச் செல்வங்கள். ஆனால் கதை முடிந்ததும், "சுட்டும் கிடைக்காமப் போனது எத்தனை நன்னா?" என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். பதில் சொல்லப் பெரியவர்கள் தயங்க வேண்டாம். வீரத்தைச் சொல்வதைவிடத் தவற்றை ஒப்புக்கொள்வது பிள்ளைகளின் மனதில் ஆழமாகப் பதியும். சின்ன நன்னாவிடமிருந்து நாம் கற்றது அதுதான்.

மதீனாவை நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து, அங்கே வேட்டையைத் தடுத்தார்கள். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் தாம் அவற்றை மிரட்டக்கூட மாட்டோம் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. சுடுவது இருக்கட்டும், மிரட்டுவதற்கே தயங்கிய அந்த உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைப் பக்கம் போகும்போது மான் கூட்டம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, அவை நிம்மதியாகக் கடந்து போகும் வரை காத்திருங்கள்.

அல்லாஹ்வின் படைப்புகளிடம் இரக்கத்தோடும், நம் பிள்ளைகளிடம் உண்மையோடும் நடந்துகொள்ள அவன் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.